சபை மறுபடி ஒன்றாவது எப்படி? காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளில் கமிட்டியில் இருப்பவர்கள், பெண்கள் ஐக்கிய சங்கத்தார், வாலிபர்கள் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். பதில்கள் முற்போக்கான சபை வாழ்வு என்ற நோக்கில், தென்னிந்தியத் திருச்சபை முறையில் ஆராதிக்கும் சபைகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. வேறு சபையார் தங்கள் ஒழுங்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

1. "முற்போக்கு சபைன்னா என்னங்க? பாமாலை, கீர்த்தனையெல்லாம் எடுத்துருவீங்களா?"

எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. வேதத்தை அது எழுதப்பட்ட காலத்தோடும் இடத்தோடும் சேர்த்து வாசிப்பது, பெண்கள் பிரசங்க பீடத்திலும் திருவிருந்து மேசையிலும் நிற்பது, சாதியைப் பாவம் என்று பெயர் சொல்லிப் பேசுவது, சந்தேகப்படுகிறவரை ஒதுக்காமல் இருப்பது, அயலார் கும்பிடுவதை இழிவாகப் பேசாமல் இருப்பது: இவ்வளவும் சேர்ந்ததைத்தான் முற்போக்கு என்கிறோம்.

இது வெளியிலிருந்து வந்த சரக்கும் கிடையாது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று தனித்தனியாக இருந்தவர்கள் ஒன்றாகி 1947 செப்டம்பர் 27-ல் உருவானதுதான் தென்னிந்தியத் திருச்சபை. 2013-ல் நந்தியால் பேராயத்தில் புஷ்ப லலிதா அதன் முதல் பெண் பேராயரானார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனையையும், மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டில் கட்டிய பாட்டையும் ஒரே ஆராதனையில் தாராளமாகப் பாடலாம்.

2. "ஞாயித்துக்கிழமை நூறு பேர் வர்றாங்களே, அப்புறம் எதைக் கட்டி எழுப்பச் சொல்றீங்க?"

ஒரு சோதனை செய்து பாருங்கள். போன ஞாயிறு வராதவர்கள் யார் யார்? அவர்களில் எத்தனை பேரிடம் செவ்வாய்க்கிழமைக்குள் சபையில் ஒருவராவது பேசினார்? இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அங்கே கூட்டம் இருக்கிறது, சபை வாழ்வு இல்லை.

நம் ஊரில் இது தளர்ந்ததற்குக் காரணங்கள் தெரிந்தவைதான். அழகப்பா பல்கலைக்கழகம், சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்), வங்கிகள் என்று வேலைக்கு வந்தவர்கள் சில வருடங்களில் மாற்றலாகிப் போகிறார்கள். உள்ளூர்க் குடும்பங்களில் பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும், பெற்றோர் மட்டும் இங்கே. 2020-ல் ஆலயம் பூட்டியபோது வீட்டிலிருந்தே ஆராதனை பார்க்கப் பழகியவர்களில் சிலர் திரும்பவே இல்லை. இதில் யாரையும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தானாகச் சரியாகும் என்று காத்திருக்கவும் முடியாது.

3. "எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது? ஒரு மூணு நாள் கன்வென்ஷன் வைப்போமா?"

வேண்டாம். பந்தல், மைக், வெளியூர்ப் பேச்சாளர் என்று கமிட்டியின் பல மாத உழைப்பு அதில் கரையும். நாலாம் நாள் எல்லாம் பழையபடிதான் இருக்கும். முதல் வேலை பெயர்ப் பட்டியல்.

செட்டிநாட்டில் நகரத்தார் ஊர்க்கணக்கைப் புள்ளி வைத்து எடுப்பார்கள். கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி, கோயில் வரியும் அந்தக் கணக்கில்தான். நம் சபை ரிஜிஸ்டரும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது: குடும்பக் கார்டு, குடும்பத் தலைவர் பெயர், சந்தா பாக்கி. வரி வாங்க அந்தக் கணக்கு போதும், ஆளைத் தெரிந்துகொள்ளப் போதாது. விதவைத் தாய் மகன் கார்டுக்குள் மறைந்துவிடுகிறார். கல்யாணமாகாத அக்கா தம்பி கார்டில் ஒரு எண்ணிக்கை. ஹாஸ்டல் மாணவி எந்தக் கார்டிலும் இல்லை. ஆகவே குடும்பத்துக்கு ஒரு பக்கம் என்பதை விட்டு, ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள்: அவர் அழைக்கப்பட விரும்பும் பெயர், தெரு, போன், பிறந்த நாள், வீட்டில் துக்கம் நடந்த நாள், ஆலயத்துக்கு எப்படி வந்து சேர்கிறார், என்ன வேலை தெரியும்.

ஆராதனையில் படிவம் கொடுத்து நிரப்பச் சொன்னால் பாதி திரும்பாது, திரும்புவதிலும் குடும்பத் தலைவர் பெயர்தான் இருக்கும். நேரில் போய்த்தான் எழுத வேண்டும். 200 பேர் உள்ள சபைக்கு இரண்டிரண்டு பேராக ஐந்து ஜோடிகள், ஜோடிக்கு 40 பேர், வாரம் எட்டுப் பேர் என்று வைத்தால் ஐந்து வாரத்தில் முடியும். ஜோடியில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். "சொந்த ஊர் எது, எந்தத் தெரு" என்று மட்டும் துருவ வேண்டாம். அது சாதி கேட்கும் வழி என்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும்.

4. "நாங்க வர்றோம், ஆனா பேரு எழுதாதீங்கன்னு சிலர் சொல்றாங்களே?"

எழுதாதீர்கள். 1950-ம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தாருக்கே அந்தத் தகுதி. சீக்கியர் 1956-லும் பௌத்தர் 1990-லும் சேர்க்கப்பட்டார்கள். பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவராக மாறியவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். ஒரு பெயர் ஒரு ரிஜிஸ்டரில் ஏறுவது ஒரு பிள்ளையின் படிப்பையும் வேலையையும் தொடக்கூடிய காரியம். தலித் கிறிஸ்தவர்கள் இந்த அநியாயத்தை எதிர்த்துப் பல பத்தாண்டுகளாகப் போராடி வருகிறார்கள். சபை அவர்களோடு நிற்க வேண்டும்.

நடைமுறையில் இரண்டு ஏடுகளைப் பிரித்து வையுங்கள். ஞானஸ்நானப் பதிவேடும் அங்கத்தினர் பதிவேடும் சபையின் முறையான ஆவணங்கள். அதில் உள்ளதை மறைக்கவும் கூடாது, இல்லாததைச் சேர்க்கவும் கூடாது. மேலே சொன்ன பெயர்ப் பட்டியல் வேறு, அது நலம் விசாரிக்க மட்டும். சம்மதித்தவர் பெயரே அதில் இருக்க வேண்டும். இன்னொன்று: கேட்காமல் யாருடைய படத்தையும் சபையின் வாட்ஸ்அப் குழுவிலோ யூடியூபிலோ போடாதீர்கள்.

5. "வீட்டுக் கூட்டம்னா எத்தனை பேர்? எவ்வளவு நேரம்?"

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர். ஆறுக்குக் கீழே போனால் இரண்டு பேர் வராத நாளில் கூட்டம் விழும். பதினைந்தைத் தாண்டினால் நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, 75 நிமிடம். முதல் 10 நிமிடம் வந்து உட்கார. அடுத்த 20 நிமிடம் ஆளுக்கு ஒன்றிரண்டு வாக்கியமாக இந்த வாரம் எப்படிப் போனது என்று சொல்ல. 25 நிமிடம் ஒரு வேதபகுதி, 10 நிமிடம் ஜெபம், மீதி தேநீர். ஆறு கூட்டம் முடிந்ததும் ஒரு மாதம் இடைவெளி விடுங்கள். முடிவில்லாத கூட்டத்தில் சேர யாரும் துணிவதில்லை, விலகவும் வழி தெரிவதில்லை.

தெருவாரியாகப் பிரிப்பது வசதி: செக்காலை, முத்துப்பட்டினம், கழனிவாசல் என்று. ஆனால் நம் ஊர்களில் தெருவும் சாதியும் ஒட்டியே வளர்ந்தவை. தெருவை மட்டும் பார்த்துப் பிரித்தால் பழைய பிரிவினையை நாமே புதிதாக எழுதிக் கொடுத்தவர்களாவோம். பக்கத்துப் பக்கத்து இரண்டு பகுதிகளை ஒரு குழுவாக்கி, மாற்றி மாற்றி இரண்டு பக்கமும் கூடுங்கள். ஒரு ஆணும் ஒரு பெண்ணும் நடத்தட்டும், இருவரும் கமிட்டி அங்கத்தினராக இல்லாதிருந்தால் நல்லது. வேதபகுதி நேரத்தில் நடத்துபவர் பிரசங்கம் செய்யத் தொடங்கினால் குழு மூன்றாம் கூட்டத்தில் மௌனமாகிவிடும். மூன்று கேள்விகள் போதும், அதில் ஒன்று தனக்கே பதில் தெரியாத கேள்வியாக இருக்கட்டும்.

தேநீரும் பிஸ்கட்டும் தவிர எதுவும் கூடாது என்பதைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். விருந்தோம்பலில் பேர் வாங்கிய மண் இது. முதல் வீட்டில் டீ, இரண்டாம் வீட்டில் வடை, மூன்றாம் வீட்டில் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் வரும். நாலாம் வீட்டுக்காரம்மா "எங்க வீட்ல இப்ப வசதிப்படாதுங்க" என்று சொல்லிவிடுவார். குழுக்கள் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், உபதேசத்தில் இல்லை.

6. "வாடகை வீடுங்க. வீட்டுக்காரர் ஏதாச்சும் சொல்வாரே?"

முன்னாலேயே சொல்லிவிடுங்கள்: பத்துப் பேர், மைக் இல்லை, இரவு எட்டு மணிக்கு முடிந்துவிடும், வண்டிகள் வாசலை மறைக்காது. அப்படியும் தயக்கம் இருந்தால் அந்த வீட்டை விட்டுவிட்டு ஆலய வளாகத்திலேயே கூடலாம். வீட்டில் கூட்டம் வைக்க முடியாதவர் பிஸ்கட் வாங்கி வரும் பொறுப்பை எடுத்துக்கொள்ளட்டும். முறை எல்லாருக்கும் வர வேண்டும், வீடு எல்லாருக்கும் இருக்க வேண்டியதில்லை.

7. "ஆராதனை முடிஞ்ச அஞ்சு நிமிஷத்துல எல்லாரும் வண்டியை எடுத்துர்றாங்க. எப்படி நிறுத்துறது?"

தேநீரும் சுண்டலும். 60 பேருக்கு ஐந்து லிட்டர் பால், இரண்டு லிட்டர் தண்ணீர், 250 கிராம் தேயிலைத் தூள், முக்கால் கிலோ சர்க்கரை. பத்து டம்ளர் சர்க்கரை போடுமுன் எடுத்து வையுங்கள், சர்க்கரை நோய் இல்லாத வீடு இல்லை. கொண்டைக்கடலை இரண்டு கிலோ போதும், வெந்தால் நாலு கிலோவுக்கு மேல் வரும். சனி இரவு ஊறப் போடுங்கள். சித்திரை வெயிலில் படுக்கப்போகும் முன் ஒரு முறை தண்ணீர் மாற்றாவிட்டால் காலையில் நுரைத்து நாறும். காலையில் வேகவைத்துத் தாளித்து வைக்கலாம், தேங்காய்த் துருவலை மட்டும் கடைசிப் பாட்டு பாடும்போது சேருங்கள். முன்னாலேயே கலந்தால் ஆராதனை முடிவதற்குள் ஊசிவிடும்.

மேசையை வாசல் கேட் பக்கம் போடாதீர்கள். போகிற வழியில் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆலயத்துக்குப் பின்னால், வேம்போ புங்கமோ நிழல் தரும் இடத்தில் போடுங்கள். பேப்பர் கப் வேண்டாம். அது கையோடு வண்டி வரைக்கும் போகும். எவர்சில்வர் டம்ளர் போகாது. குடித்து முடிக்கும் வரை நிற்க வேண்டும், திருப்பிக் கொடுக்க வேண்டும், குழாயடியில் அலச வேண்டும். அந்த ஏழெட்டு நிமிடத்தில்தான் "உங்க அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்ற கேள்வி பிறக்கிறது. எண்பது டம்ளர் ஒரு முறை வாங்கினால் பல வருடம் வரும்.

நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கி வைத்து, வயதானவர்களுக்கு மட்டும் பத்துப் போடுங்கள். எல்லாருக்கும் போட்டால் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்துவிடுவார்கள். நிற்கிறவர்களே நகர்ந்து பேசுவார்கள். புதிதாக வந்தவரிடம் பேச இரண்டு பேரை வாராவாரம் முறைவைத்து நியமியுங்கள். "எல்லாரும் பேசுங்க" என்று அறிவித்தால் ஒருவரும் பேசமாட்டார்கள்.

8. "மாசம் ஒரு தடவை சேர்ந்து சாப்பிடலாம்னு ஆசை. அளவு சொல்லுங்க."

60 பேருக்குப் புழுங்கலரிசி எட்டு கிலோ, துவரம்பருப்பு இரண்டு கிலோ, சாம்பாருக்குக் காய் மூன்று கிலோ, பொரியலுக்கு ஐந்து கிலோ, தயிர் நாலு லிட்டர், ரசம், அப்பளம், ஊறுகாய். கோழி வேண்டுமென்று கேட்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வையுங்கள், ஒன்பது கிலோ வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கரண்டியும் பாத்திரமும் தனியாக இருக்கட்டும். அரிசியை ஒரே அண்டாவில் போட்டால் அடி குழைந்து மேலே விதைவிதையாக நிற்கும், நாலு நாலு கிலோவாக இரண்டு முறை வடியுங்கள்.

அளவைவிட முக்கியம், யார் சமைக்கிறார், யார் பரிமாறுகிறார், யார் கழுவுகிறார் என்பது. பெண்கள் ஐக்கிய சங்கத்திடம் ஒப்படைத்துவிட்டு ஆண்கள் பந்தியில் உட்கார்ந்தால், பிரசங்கத்தில் சொன்ன சமத்துவம் அந்த இடத்திலேயே காலாவதி. ஐந்து பேர் கொண்ட அணிகள் போடுங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஆண்களாவது இருக்கட்டும். இந்த மாதம் சமைத்த அணி அடுத்த மாதம் கழுவட்டும். கழுவும் இடத்தில் மூன்று தொட்டிகள்: மிச்சம் வழிக்க ஒன்று, சோப்புக்கு ஒன்று, அலச ஒன்று. ஒரே குழாயடி என்றால் கடைசி வரை இரண்டு பெண்கள் மட்டும் நின்றுகொண்டிருப்பார்கள். முதல் பந்தியில் முதியவர், குழந்தைகள், பஸ்ஸுக்குப் போகிறவர்கள். ஆயரும் (சபைப் போதகர்) கமிட்டியும் பரிமாறிவிட்டுக் கடைசிப் பந்தியில் உட்காரட்டும்.

கொரிந்து சபையில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டு முடிக்க, உழைத்துக் களைத்து வந்தவர்கள் பசியோடு நின்றார்கள். அதைக் கண்டித்துத்தான் பவுல் "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்று எழுதினார் (1 கொரிந்தியர் 11). நம் ஊர்ப் பெரிய வீடுகளில் கல்யாணமான மகனை வேறுவைப்பார்கள்: ஒரே வளவு, ஒரே முகப்பு, அடுப்பு மட்டும் தனி. பல சபைகள் இன்று அந்த நிலையில்தான் இருக்கின்றன. தியோபிலஸ் அப்பாவு ஒரே உலையில் பொங்கி எல்லாரும் பகிர்ந்துண்பதைத் திருவிருந்தோடு சேர்த்தே பேசினார். அந்த உலையை மாதம் ஒரு முறையாவது ஏற்ற வேண்டும்.

9. "கேட்டரிங் சொல்லிட்டா வேலை முடிஞ்சுதே?"

வேலை முடிந்துவிடும், அதுதான் நஷ்டம். வெங்காயம் உரிக்கும் ஒரு மணி நேரத்தில் பேசுவதை ஆறு வீட்டுக் கூட்டத்தில் பேசமாட்டார்கள். அறுப்பின் பண்டிகை, 200 பேருக்கு மேல் என்றால் சமையல்காரர் வைத்துக்கொள்ளுங்கள், காய் நறுக்குவதும் பரிமாறுவதும் மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.

10. "எங்க சபையில சாதியே இல்லையே, அதை ஏன் கிளப்பணும்?"

நாலு இடத்தில் பாருங்கள். கமிட்டியில் யார் இருக்கிறார்கள். சபைக்குள் நடந்த கல்யாணங்கள் யாருக்கும் யாருக்கும். கல்லறைத் தோட்டத்தில் யார் எந்தப் பக்கம். எட்டாம் கேள்வியில் சொன்ன சாப்பாட்டுக்கு வராமல் நழுவுகிறவர்கள் யார், எந்த அணி சமைக்கும்போது நழுவுகிறார்கள். இந்த நாலிலும் கலப்பு தெரிந்தால் நீங்கள் சொல்வது சரி.

தெரியவில்லை என்றால் அப்போஸ்தலர் 6-ம் அதிகாரத்தை எடுங்கள். அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. சபை சமாதானப் பிரசங்கம் செய்யவில்லை, ஏழு பேரைத் தெரிந்தெடுத்துப் பந்தியை ஒப்படைத்தது. ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்டவர்களின் பக்கத்தாரிடமே பொறுப்பு போயிருக்கிறது என்று தெரிகிறது. சமையலறைச் சாவி, பொருளாளர் கையெழுத்து, திருவிருந்தில் பாத்திரம் ஏந்துவது: இந்த மூன்றையும் இதுவரை கிடைக்காதவர்களுக்குக் கொடுப்பதிலிருந்து தொடங்குங்கள். முதலில் சிலர் முகம் சுளிப்பார்கள், ஒன்றிரண்டு குடும்பம் வேறு சபைக்குப் போகவும் கூடும். அதற்குப் பயந்து பின்வாங்கினால் மறுபடி யாரும் நம்பமாட்டார்கள்.

11. "வாலிபப் பிள்ளைக வர்றதே இல்லை. கிட்டார், டிரம்ஸ் வாங்கிப் போட்டும் வரலை."

கருவி வாங்கியவர்கள் பொறுப்பைக் கொடுத்தார்களா என்று பாருங்கள். நாற்காலி அடுக்கவும், கிறிஸ்துமஸ் பாட்டோடு வீடு வீடாகக் கேரல் ரவுண்ட்ஸ் போகவும் மட்டும் கூப்பிட்டால் ஒரு டிசம்பர் வருவார்கள். கமிட்டியில் 25 வயதுக்குள் இரண்டு பேருக்கு இடமும், ஒரு சிறு தொகையைக் கேட்காமல் செலவழிக்கும் உரிமையும் கொடுங்கள். கணக்கு மட்டும் மாதாமாதம் வாசிக்கட்டும்.

ஹாஸ்டல் மாணவர்களுக்குத் தேவை ஞாயிறு மதியச் சாப்பாடும் துணி துவைக்க ஒரு இடமும். ஒரு வீட்டுக்கு இரண்டு மாணவர் என்று சேர்த்துவிடுங்கள். ஒருவரை மட்டும் அனுப்பினால் கூச்சம், நாலு பேர் என்றால் வீட்டுக்குப் பாரம். பருவத் தேர்வு மாதங்களில் வரவில்லை என்று குறைப்பட வேண்டாம்.

12. "இந்த மாதிரி கேள்வி கேக்க விட்டா விசுவாசமே போயிராதா?"

சங்கீதப் புத்தகத்திலேயே "ஏன்", "எதுவரைக்கும்" என்று தேவனைப் பார்த்துக் கேட்கும் பாட்டுகள் நிறைய. நம் நாட்டுக்கு வந்ததாக நாம் சொல்லும் தோமாவும் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்றவர்தான். அவரைச் சீஷர்கள் வெளியே அனுப்பவில்லை, எட்டாம் நாள் அவர்களோடு அந்த வீட்டுக்குள்தான் இருந்தார். கேள்வி கேட்டதற்காகப் போனவர்களைவிட, கேட்க இடமில்லாமல் போனவர்களே அதிகம். மாதம் ஒரு மாலை, பெயர் எழுதாத சீட்டில் கேள்வி வாங்கி ஆயர் பதில் சொல்லலாம். "தெரியவில்லை" என்பதும் பதில்தான்.

13. "ஒரு திருநங்கை வந்தா எங்க உக்கார வைக்கிறது? மத்தவங்க என்ன சொல்வாங்க?"

அவர் எங்கே உட்கார விரும்புகிறாரோ அங்கே. ஆண் பக்கம், பெண் பக்கம் என்று பிரித்து உட்காரும் சபையானால் எல்லாரும் கலந்து உட்காரும் நாலு வரிசையை முன்னாலேயே ஏற்படுத்தி வையுங்கள். குடும்பத்தோடு உட்கார விரும்புகிறவர்களுக்கும் அது உதவும். அவர் சொல்லும் பெயரைச் சொல்லுங்கள். உடம்பைப் பற்றியோ பழைய பெயரைப் பற்றியோ கேட்கக் கூடாது. முதல் நாளே மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள். இரண்டாம் மாதம் சுண்டல் அணியில் சேருங்கள். கழிப்பறையில் ஒன்றையாவது எல்லாருக்கும் பொதுவாக, தாழ்ப்பாளோடு வையுங்கள்.

மற்றவர்கள் கேட்டால் வேதத்திலிருந்தே சொல்லலாம். அப்போஸ்தலர் 8-ல் பிலிப்பு ஞானஸ்நானம் கொடுத்த எத்தியோப்பியரை நம் பழைய மொழிபெயர்ப்பு "மந்திரி" என்கிறது. மூலத்தில் அவர் அண்ணகர், அதாவது விதை நீக்கப்பட்டவர். ஏசாயா 56-ல் அண்ணகருக்கு ஆலயத்துக்குள் இடமும் பெயரும் தருவதாகக் கர்த்தர் சொல்கிறார். 2014-ல் உச்ச நீதிமன்றமும் திருநங்கையரின் உரிமைகளை ஏற்றுத் தீர்ப்பளித்தது.

14. "மகன் இந்துப் பொண்ணைக் கட்டியிருக்கான். அவங்களைக் கூப்பிடலாமா?"

இரண்டு பேரையும் கூப்பிடுங்கள். அந்தப் பெண்ணை மாற்றும் நோக்கத்தோடு கூப்பிட்டால் அவருக்கு முதல் நாளே புரிந்துவிடும், மறுபடி வரமாட்டார். சாப்பாட்டுக்கும் வீட்டுக் கூட்டத்துக்கும் வரலாம், பொட்டையும் பூவையும் யாரும் பேசக் கூடாது என்று நடத்துபவர் முன்பே மற்றவர்களிடம் சொல்லி வைக்க வேண்டும்.

இனிமேல் கல்யாணம் செய்யப்போகிறவர்கள் என்றால், 1872-ம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் ஒருவர் மட்டும் கிறிஸ்தவராக இருந்தாலும் பொருந்தும். ஆனால் ஆலயத்தில் நடத்த சபைவிதி வேறாக இருக்கும், ஆயரிடம் முதலில் பேசுங்கள். 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்வதானால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும்.

15. "துக்க வீட்டுக்கு சபை என்னென்ன செய்யணும்?"

முதல் நாள் வேலை எல்லாருக்கும் தெரியும்: ஐஸ் பெட்டி, பந்தல், நாற்காலி, பெட்டி, குழி வெட்டுபவர், வெளியூர்க்காரருக்குச் செய்தி. இந்த ஆறுக்கும் ஆறு போன் எண்களை ஒரு அட்டையில் எழுதி வீட்டுக் குழு நடத்துபவர்களிடம் கொடுத்து வையுங்கள். அழுதுகொண்டிருக்கும் மகளிடம் யாரும் "பந்தல் யார்கிட்ட சொல்றது?" என்று கேட்கக் கூடாது. அந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், மூன்று நாள் சாப்பாடு குழுவின் பொறுப்பு.

தவறுவது அதற்குப் பிறகு. பத்தாம் நாளுக்கு மேல் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. 15, 30, 60-ம் நாள் யார் போவது என்று அடக்கத்தன்றே குறித்துவிடுங்கள். வங்கிக் கணக்கு, குடும்ப ஓய்வூதியம், வாரிசுச் சான்று ஆகியவற்றுக்கு அலையத் தெரிந்த ஒருவர் கூடப் போனால் பத்து ஜெபக் கூட்டத்துக்குச் சமம். பட்டியலில் துக்க நாளை எழுதச் சொன்னது அடுத்த வருடம் அதே நாளில் ஒரு போன் செய்வதற்காக.

16. "பணத்துக்கு என்ன பண்றது? சிங்கப்பூர்ல இருக்கிறவங்க குடுக்க ரெடியா இருக்காங்க."

இதுவரை சொன்னதில் பெரிய செலவு எதுவும் இல்லை. மாதச் சாப்பாட்டுக்கு ஒரு மூடிய உண்டியல் வையுங்கள். யார் எவ்வளவு போட்டார் என்று எழுதவும் வேண்டாம், வாசிக்கவும் வேண்டாம். மொய் நோட்டுப் பழக்கம் சாப்பாட்டு மேசைக்கு வந்தால் இல்லாதவர் வரமாட்டார்.

வெளிநாட்டுப் பணத்தில் கவனம் தேவை. இந்தியக் குடியுரிமை உள்ளவர் தம் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால், உறவினரே ஆனாலும், வெளிநாட்டு நன்கொடைதான். 2010-ம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெற்ற அமைப்பு அதற்கென்று உள்ள டெல்லி ஸ்டேட் வங்கிக் கணக்கில்தான் வாங்க முடியும். உள்ளூர்ச் சபைக் கணக்கிலோ பொருளாளர் கணக்கிலோ வாங்கவே கூடாது. பேராய அலுவலகத்தில் கேட்டுச் செய்யுங்கள்.

17. "ஓய்வுநாள் பள்ளிக்கு இதெல்லாம் பொருந்துமா?"

அங்கே முதலில் வருவது பாதுகாப்பு. ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக மூடிய அறையில் இருக்கக் கூடாது. வகுப்புக்கு இரண்டு ஆசிரியர், கதவு திறந்தே இருக்க வேண்டும். பிள்ளையை வண்டியில் ஏற்றிப் போவதானால் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தவறு நடந்ததாகத் தெரிந்தாலோ சந்தேகம் வந்தாலோ 2012 போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்வது கட்டாயம். சபைக்குள் பேசி முடிப்பது குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகளுக்கே தெரியும்படி சுவரில் எழுதி வையுங்கள்.

18. "யூடியூப் ஒளிபரப்பை நிறுத்திட்டா வருவாங்களா?"

படுக்கையில் இருப்பவர்களைத்தான் அது தண்டிக்கும். தொடருங்கள். ஆனால் பார்க்கிறவர்கள் யார் என்று தெரிந்துகொண்டு மாதம் ஒருவர் வீட்டுக்குத் திருவிருந்தோடு போங்கள்.

19. "இந்த ஐயர் (ஆயர்) இருக்கிற வரைக்கும் நடக்கும். மாத்தலாகிப் போனா?"

ஆயர் நடத்துவதாக இருந்தால் அவரோடு போய்விடும். ஆகவே வீட்டுக் குழு, சமையல் அணி, துக்க வீட்டு அட்டை மூன்றுக்கும் பொறுப்பு சபையாரிடம் இருக்க வேண்டும். பொறுப்பாளரும் மூன்று வருடத்துக்கு மேல் அதே இடத்தில் இருக்கக் கூடாது. கடைசி ஆறு மாதம் அடுத்தவர் கூடவே நடக்கட்டும். புதிய ஆயர் வந்த முதல் மாதத்தில் பெயர்ப் பட்டியலைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு முறை விருந்தாளியாக அழையுங்கள், பேச்சாளராக அழைக்க வேண்டாம்.

20. "நாங்க மொத்தமே முப்பது பேருதாங்க. இவ்வளவும் எங்களால முடியுமா?"

முடியாது, தேவையும் இல்லை. முப்பது பேர் என்றால் வீட்டுக் கூட்டத்துக்கு மூன்று குழு, சாப்பாட்டுக்கு ஏழாம், எட்டாம் கேள்வியில் சொன்ன அளவில் பாதி. தேயிலையை மட்டும் 150 கிராம் போடுங்கள், பாதியாகக் குறைத்தால் டீ வெளுக்கும். முதல் மூன்று மாதம் பெயர்ப் பட்டியலும் சுண்டலும் மட்டும் போதும். நாலாம் மாதம் முதல் சாப்பாடு. வீட்டுக் கூட்டத்தை மழை நின்ற பிறகு, தை மாதம் தொடங்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கினால் இரண்டாம் கூட்டமே மழையில் நின்றுபோகும், அதற்குப் பிறகு கிறிஸ்துமஸ் வரை கேரல் ரவுண்ட்ஸில் போய்விடும்.